செருப்பு கழுவிய பதினெட்டு நொடி

மகள்,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ பிறக்கவுமில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. அடுத்த மாதம் தவணைப் பரீட்சை. இந்தக் கடிதத்தை விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும், படித்து முடித்து வேலைக்குப் போய், என்னை எதிர்த்துப் பேசக்கூடிய வயதில் இருக்கும் ஒருத்தியாகவே உன்னை நினைத்துக்கொள்கிறேன். நீ மகனாகப் பிறந்தால் மேலே உள்ள அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி வாசித்துக்கொள். நீ இதை வாசிக்கும் நாளில் எனக்கு ஐம்பது வயது நெருங்கியிருக்கும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனுசியை எனக்குத் தெரியாது. அவளை நம்பவும் முடியவில்லை. வளர்ந்தவர்கள் தங்கள் சின்ன வயதுப் பயங்களை மறந்துவிடுகிறார்கள். பிறகு அதே பயத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதனால், ஒரு தாய் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை நான் தாயாவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். நான் களிமண்ணில் உருவங்கள் செய்து, அவற்றை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்திப் போனில் படம் எடுத்து, அவை தாமாக நடப்பது போல் ஓடவிடுகிறேன். அப்படிச் செய்த இரண்டு நிமிடப் படம் ஒன்றை எங்கள் ஸ்கூல் கலை விழாவில், வருகிற சனிக்கிழமை, பெற்றோர் எல்லாரும் இருக்கும் மண்டபத்தில் காட்டப் போகிறார்கள். அந்தப் படத்தில் பதினெட்டு நொடி நேரம், என் வாப்பா செய்த ஒரு பிழை அப்படியே தெரிகிறது. நான் வேண்டுமென்று வைக்கவில்லை. அது பிழை என்று தெரியாமல், எங்கள் வீட்டிலேயே சந்தோஷமான நாள் அதுதான் என்று நினைத்து வைத்தேன். இன்று வியாழக்கிழமை. அந்தத் துண்டை வெட்டிவிடச் சொல்லி இன்று அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா கேட்டார். நாளைக் காலை படத்தை டீச்சரிடம் கொடுக்க வேண்டும். வாப்பாவும் உம்மாவும் படுத்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடு இருக்கும்போது எப்படி ஒரு முடிவுக்கு வந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நீ பார்க்கும்போது அது எனக்குப் பெரிய தொழிலாகியிருக்கலாம், அல்லது அலுமாரியின் மேல்தட்டில் தூசு பிடித்த ஒரு பெட்டியாகியிருக்கலாம். தொழிலாக்குவேன் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு எத்தனை என்று நீயே பெருக்கிப் பார். எங்கள் பின்னறையில் ஒரு மேசை, அதன் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் சோக்கட்டியால் போட்ட கோடு, பிஸ்கட் டின்னுக்கும் செங்கல்லுக்கும் இடையில் இறுக்கிக் கட்டிய போன், வெள்ளைத் துணி மூடிய ஒரு பல்ப், இவ்வளவுதான் என் ஸ்டுடியோ. பகலில் எடுக்க முடியாது. இந்த ஊரில் வெயில் ஐந்து நிமிடம் நிற்காது, முகில் வந்து போய்க்கொண்டே இருக்கும், ஓடவிட்டுப் பார்த்தால் படம் கண்சிமிட்டும். இன்னொன்றும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் உடுத்திருக்கும் உடுப்பின் நிறம்கூடக் களிமண்ணில் விழும். வெள்ளை உடுத்த நாளில் எடுத்ததும் சிவப்பு உடுத்த நாளில் எடுத்ததும் இரண்டு வேறு ஊர் போல இருந்தன. அன்றிலிருந்து படம் எடுக்கும்போதெல்லாம் ஒரே கறுப்பு அபாயாதான். "இவளுக்கு எப்ப பாத்தாலும் பயணம் போற உடுப்பு" என்று உம்மா சொல்லிக்கொண்டிருப்பார்.

உம்மா எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கண்ணும் மூக்கும் வெக்க வாணாம் மகள். மத்தது என்ன வேணும்னாலும் செய்." முகமுள்ள உருவம் செய்வது எங்கள் வீட்டில் சரியில்லை என்று நினைப்பார்கள். நான் கொஞ்சநாள் கோபமாக இருந்தேன். பிறகு முகமில்லாமலே ஒன்று வெட்கப்படுவதையும் களைத்துப்போவதையும் காட்ட முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன். தேநீர்க் கோப்பை, குடை, பூட்டு என்று செய்து செய்து, கடைசியில் செருப்புக்கு வந்தேன். செருப்புக்கு முகம் தேவையே இல்லை. வார் கொஞ்சம் தொங்கினால் கவலை. குதி உயர்ந்தால் அவசரம். சோடியில் ஒன்று மற்றதைவிட்டு விலகி நின்றால் கோபம். அந்த வாருக்குள் மெல்லிய செம்புக் கம்பி வைத்திருப்பேன். இது கடையில் வாங்கும் மெழுகுக் களிமண், பல்ப் சூட்டில் இளகும், அதனால் நடுவில் பிரிட்ஜில் வைப்பேன். ஒருநாள் கறுப்பும் மண்ணிறமுமாக ஒரு கட்டியைத் தட்டில் வைத்திருந்தேன். வாப்பா தொதல் என்று நினைத்து ஒரு துண்டு கடித்துவிட்டார். துப்பவில்லை, மெதுவாக வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவ சீனி கூடப் போடுங்க" என்றார். என் வாப்பா அப்படிப்பட்டவர். அதை நீ மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வேண்டும்.

வாப்பாவுக்கு அக்குறணை டவுனில், மாத்தளை ரோட்டோடு ஒட்டினாற்போல் ஒரு செருப்புக் கடை இருக்கிறது. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஊரை ஒட்டி ஓடும் ஓயா ஆறு பெருகி டவுனுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் ஊருக்கு அது புதிதில்லை, ஆனால் அந்த முறை தண்ணீர் கேட்டுக்கொண்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது பள்ளிவாசல் படியில் கழற்றிவிட்ட செருப்புகள் ரோட்டில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பெட்டிகள் ஊறிப் பிரிந்து, சோடிகள் கலைந்து, எல்லாம் சேற்றுக்குள் ஒரே குவியலாகக் கிடந்தன. அதை எல்லாம் ஒரு லொறியில் ஏற்றி வீட்டு முற்றத்தில் கொட்டினோம். அடுத்த இரண்டு நாளும் வாப்பாவும் உம்மாவும் நானும் சுற்றி உட்கார்ந்து பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். வாப்பா ஒற்றைச் செருப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, கல்யாணத் தரகர் குரலில், "நல்ல குடும்பத்துப் பிள்ள, அளவு ஏழு, நிறம் மண்ணிறம், பொருத்தமான இடம் ஈந்தா செல்லுங்க" என்று சம்பந்தம் விசாரிப்பார். உம்மா சேற்றுக் கையோடு வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். கடை போய்விட்ட வீட்டில் அவ்வளவு சிரிப்பு. தகரக் கூரையில் காய வைத்தோம். அடி பிரிந்ததை வாப்பா பசை வைத்து ஒட்டினார். புதுப் பெட்டியும் புதுத் தாளும் வந்தன. பெட்டிக்குள் வைத்துத் திரும்பவும் கடைத் தட்டில் அடுக்கினோம். அந்த முற்றத்தில் கிடந்த சேற்றை வழித்தெடுத்து வைத்துத்தான் நான் முதன்முதலில் ஒரு செருப்பு செய்தேன். காய்ந்து வெடித்துப் போனது. என் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்தச் செருப்புகள் புதியவை என்றே விற்கப்பட்டன. நனைந்தவை என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. என் வகுப்பில் படிக்கும் ஷிபாவின் உம்மா ஒரு சோடி வாங்கிக்கொண்டு போனார். வாங்கி ஒரு மாதம் இருக்கும், கண்டி டவுனில், நல்ல மழையில், பஸ்ஸுக்கு ஓடும்போது இரண்டு அடியும் கழன்று போய்விட்டன. வெறுங்காலோடு பஸ்ஸில் நின்று வந்தாராம். மறுநாள் கடைக்கு வந்து செருப்பை மேசையில் வைத்து, "இது என்னைய நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிட்டு நானா" என்று, அண்ணனிடம் முறையிடுவது போல வாப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். நான் ஸ்கூல் விட்டு வந்து கடையில்தான் இருந்தேன். வாப்பா உடனே வேறு நல்ல சோடி எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கம்பெனிக்காரன்ட பிழை" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு மிச்சம் இருந்த பெட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கிப் பின்னால் போட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் சித்திரப் பாடத்துக்கு ஸ்டெல்லா டீச்சர். கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். போனில் இப்படிப் படம் எடுக்கலாம் என்று காட்டித் தந்ததே அவர்தான். லொறி போகும்போது மேசை அதிர்கிறது என்று முறையிட்டேன். "பொறுங்க, அது போகட்டும். நீங்க படம் எடுக்குறது லொறிக்குத் தெரியாது" என்றார். அன்றிலிருந்து பொறுக்கப் பழகினேன். இன்னொரு நாள், பாதியில் என் முழங்கை மேசையில் தட்டுப்பட்டு எல்லாம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கண் மட்டத்தில் பார்த்துப் பார்த்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல மீதியை எடுத்தேன். டீச்சர் ஒருமுறைதான் பார்த்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "இதுல என்னமோ ஒளிச்சிருக்கீங்களே" என்றார். அழுகை வந்தது. முதலிலிருந்து எடுத்தேன். உனக்கு நான் என்ன தொழில் சொல்லித் தந்தாலும் தராவிட்டாலும் இதை மட்டும் சொல்லித் தருகிறேன்: தட்டுப்பட்ட இடத்தைச் சரிக்கட்டாதே, முதலிலிருந்து எடு.

கலை விழாவுக்குப் படம் வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வந்தது. பள்ளிவாசல் படியில் செருப்புகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் வருகிறது. சாப்பாடு மூடும் கண்ணாடித் தாளையும் மண்ணிறக் களிமண்ணையும் வைத்துத் தண்ணீர் செய்தேன். செருப்புகள் மிதந்து போகின்றன, கடைக்குள்ளிருந்து இன்னும் நூறு செருப்பு வந்து அவற்றோடு கலக்கிறது. பிறகு முற்றம். ஒரு பெரிய ஆண் செருப்பும் ஒரு பெண் செருப்பும் பல் பிரஷ்களைத் தள்ளிக்கொண்டு வந்து சேற்றுச் செருப்புகளைத் தேய்த்துக் கழுவுகின்றன, துள்ளுகின்றன, ஒற்றைகளுக்குச் சோடி தேடுகின்றன. கழுவியவை வரிசையாகப் போய்ப் புதுப் பெட்டிக்குள் படுக்கின்றன, தாள் மூடுகிறது, பெட்டி தட்டில் ஏறுகிறது. அந்தப் பெரிய செருப்பின் வார் பச்சை நூலால் தைத்தது. வாப்பாவின் செருப்பு அப்படித்தான் இருக்கும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த முற்றம்தான் பதினெட்டு நொடி. இருநூற்றுப் பதினாறு படம். பதினோரு இரவு. இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கணினி அறையில் டீச்சர் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஷிபாதான் முதலில், "அட, கழுவித்தான் வித்தீங்களா?" என்று பகிடியாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே திரையைத் திரும்பப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு என் காதருகில், "எங்க உம்மாட செருப்பும் இதுல ஈந்திச்சா?" என்றாள். நான் கொப்பியைப் பைக்குள் போடத் தொடங்கினேன். பெல் அடித்து எழும்பும்போது அவள், "நான் உம்மாகிட்ட ஒண்டும் செல்லமாட்டேன். சனிக்கிழம அவங்களே பாப்பாங்கதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் என் படத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன். பதினோரு இரவு ஒவ்வொரு படமாக எடுத்தவளுக்கு அதில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. களிமண் வேலை அப்படித்தான். ஒரு வாரை அரை மில்லிமீட்டர் நகர்த்திக்கொண்டிருக்கும்போது, நீ என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்பது உன் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு நாள் அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று மஃரிபுக்குப் பிறகு வாப்பாவிடம் போனைக் கொடுத்தேன். மண்டபத்தில் நூறு பேர் நடுவில் அவர் அதை முதன்முதலாகப் பார்ப்பதை நினைக்கவே முடியவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பள்ளிவாசல் படியில் செருப்புகள் வரிசையில் நின்றதும் சிரித்தார். "இந்தா, எடது கால் செருப்ப வலது பக்கம் வெச்சீக்கிறீங்க" என்று கடைக்காரரின் கண்ணால் ஒரு பிழை பிடித்தார். பச்சை நூல் தைத்த செருப்பு வந்ததும் தன் காலைப் பார்த்துக்கொண்டார். முற்றம் வந்தது. சிரிப்பு முகத்திலேயே நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. முடிந்ததும் போனைத் தலைகீழாக மடியில் வைத்தார்.

"ஷிபாட உம்மா வருவாங்களா?"

வருவார் என்றேன்.

"இந்தத் துண்டு வாணாம் மகள். வெட்டிடுங்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என்னிடம் ஒரு உதவி கேட்பது போலக் கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன். பிறகு இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிக் கை கழுவினார். உம்மா அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அவர்கள் படுத்ததும் வெட்டினேன். நான்கு தடவை விரலால் தொட்டால் போதும், பதினோரு இரவு போய்விடும். பழையதை வேறாக வைத்துக்கொண்டு, வெட்டியதை ஓடவிட்டுப் பார்த்தேன். செருப்புகள் சேற்றுத் தண்ணீரில் உருண்டு போகின்றன. அடுத்த நொடி, கடைத் தட்டில், புதுப் பெட்டிக்குள் பளபளவென்று இருக்கின்றன. நடுவில் எதுவுமே இல்லை. ஷிபாவின் உம்மாவிடம் நாங்கள் விற்றது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. முற்றத்தைக் காட்டாமல் கொடுத்தோம். இப்போது அதே வேலையை இரண்டாவது தடவையாக, மண்டபம் முழுக்க உள்ள ஆட்களுக்குச் செய்யப் பார்க்கிறேன். முதல் தடவை எனக்குப் பதினான்கு வயது, தெரியாது என்று சொல்லலாம். இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியாது.

வெட்டமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் வெட்டாமல் விடுவதும் சரியாகப்படவில்லை. ஏன் சரியாகப்படவில்லை என்று விளங்க இன்னும் ஐந்தாறு முறை ஓடவிட வேண்டியிருந்தது. முற்றத்தில் வாப்பாவின் செருப்பு இருக்கிறது. உம்மாவின் செருப்பு இருக்கிறது. நான் எங்கே? இரண்டு நாளும் நான் அவர்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். கழுவினது மட்டுமில்லை. பழைய பெட்டிகளோடு அளவு எழுதிய லேபலும் ஊறிப் போய்விட்டது. புதுப் பெட்டிகளில் ஐந்து, ஆறு, ஏழு என்று மார்க்கர் பேனையால் எழுதினது நான். என் எழுத்து அழகு என்று என்னிடம் தந்தார்கள். ஷிபாவின் உம்மா வாங்கிப்போன பெட்டியின் மேல் இருந்ததும் என் எழுத்துத்தான். படத்தில் பெட்டிகள் எழுதப்பட்டே வருகின்றன, யார் எழுதியது என்று இல்லை. வேண்டுமென்று விடவில்லை என்று உன்னிடம் சத்தியம் செய்யலாம். ஆனால் இருநூற்றுப் பதினாறு படத்தில் ஒன்றில்கூட நான் இல்லை. மற்றவர்களின் பிழையைக் காட்டும் கெமராவுக்குப் பின்னால் சுகமாக நின்றிருக்கிறேன்.

மகள், இதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். ஒருநாள் நீயும் ஏதாவது செய்வாய். களிமண்ணாக இல்லாமல் இருக்கலாம். எழுத்தாக இருக்கலாம், சும்மா வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். அதில் நான் செய்த ஏதோ ஒரு பிழை தெரியும். நான் பிழையே செய்யாத தாயாக இருப்பேன் என்று நினைக்காதே. இந்த வயதிலேயே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அன்று நான் உன்னிடம் வந்து, கத்தாமல், உதவி கேட்பது போல, "வெட்டிடு" என்று கேட்கலாம். அந்தக் குரலுக்கு மனது இளகிப் போகும், எனக்குத் தெரியும், இன்று போயிற்று. அப்போது இந்தக் கொப்பியை எடுத்து என் முன்னால் வை. பதினாறு வயதில், முழுப் புத்தியோடு, நான் உனக்கு அனுமதி தந்துவிட்டேன். வெட்ட வேண்டாம். இரண்டு காரியம் மட்டும் செய். நூறு பேருக்குக் காட்டுவதற்கு முன் எனக்குக் காட்டு. காட்டுவதற்கு முன் அதில் நீ எங்கே நிற்கிறாய் என்று தேடிப் பார்; இல்லாவிட்டால் உன்னையும் செய்து வை. என் வாப்பா கெட்டவரில்லை. பயந்துபோன ஒரு கடைக்காரர். நானும் பயந்துதான் இருக்கிறேன். பயத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்ல வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

இப்போது எழுதுவதை நிறுத்துகிறேன். நீலக் களிமண் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பதினான்கு வயதில் நான் போட்டிருந்த சிலிப்பர் நீலம். முற்றத்தைக் கலைக்காமல் அட்டைப் பெட்டியால் மூடித்தான் வைத்திருந்தேன், மேசைக்கால்களும் சோக்குக் கோட்டுக்குள்தான் நிற்கின்றன. நான்கு நொடி போதும். நாற்பத்தெட்டுப் படம். கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டுவிட்டேன்.

இதற்குக் கீழே எழுதுவது விடிந்த பிறகு. நாற்பத்தெட்டும் எடுத்தேன். நடுவில் மூன்று லொறி போயிற்று, மூன்றுக்கும் பொறுத்தேன். ஒரு சின்ன நீலச் சிலிப்பர் முற்றத்துக்குள் வந்து, பெரிய இரண்டு செருப்புக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பேனை எழும்புகிறது, குனிந்து பெட்டியில் ஐந்து, ஆறு, ஏழு என்று எழுதுகிறது. என் ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கும். வகுப்பு அறிவித்தல் பலகையில் எழுதுவது நான், அது முழுக்க அந்த ஏழுதான். ஷிபா பார்த்த உடனே பிடித்துவிடுவாள். பிடிக்கட்டும்.

வாப்பா சுபஹ் தொழுதுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே போனை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். நீலச் சிலிப்பர் வந்ததும் முன்னால் குனிந்தார்.

"இது யாருட?"

"எனக்கிட."

"பேனை?"

"நான்தானே எழுதின, வாப்பா."

பிறகு, இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "வெட்டிப் பாத்தேன். வெட்டினா அது பொய்யான படம். நீங்க வாணாம் எண்டா படத்தையே குடுக்காம விடுறேன், டீச்சர்கிட்ட நானே செல்றேன். ஆனா வெட்டமாட்டேன்." என் வாழ்க்கையில் வாப்பாவிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை ஓடவிட்டார். உம்மா தேநீரோடு வந்து அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றம் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, "நானும்தான் கழுவினேன். அதுக்கு எனக்கிட செருப்ப ஏன் இவ்வளவு பெருசா செஞ்சீக்கிறாய்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அறைக்குள் காற்று வந்தது போல இருந்தது.

வாப்பா தேநீரை முழுதும் குடித்தார். எழும்பினார். வாசலில் பச்சை நூல் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, "சனிக்கிழம கடைய எத்தன மணிக்கு மூடணும்?" என்று கேட்டார்.

"மூணு மணிக்கு, வாப்பா."

அவர் தெருவில் இறங்குவதை நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போக இடது பக்கம் இறங்க வேண்டும். வாப்பா கொஞ்ச நேரம் அந்த முனையில் நின்றார். பிறகு வலது பக்கம் திரும்பி, ஷிபாவின் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஏறத் தொடங்கினார். இந்தத் தடவை கையில் செருப்புப் பெட்டி எதுவும் இருக்கவில்லை.